பசுவுக்கு ரிவர்ஸ் கிடையாது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வியர்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, திருவிழாக் கமிட்டிப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நடுவரின் கை இப்போதே மணிமேல் இருக்கிறது.

வெயில் கொளுத்தும் நம் ஊரில் வீட்டின் திசையைத் தீர்மானிக்க வேண்டியது வெயிலும் காற்றுமா, வாஸ்துவா? இதுதான் தலைப்பு. நான் வெயில் கட்சி. எங்கள் அணி எப்போதோ ஜெயித்துவிட்டது ஐயா. இந்த மேடையைப் பாருங்கள், மேற்கு பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்தரை மணிக்குத் தொடங்கினோம். சூரியன் நேராக நடுவர் முகத்தில். ஐயா கண்ணைச் சுருக்கி, புருவத்துக்கு மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். முன்வரிசை அம்மா ஒருவர் பக்கத்து அம்மாவிடம், "நடுவரு கோவமா இருக்காருடி" என்றார். கோபம் இல்லை தாயி, வெயில்! கமிட்டி அண்ணன் ஒருவரிடம் கேட்டேன், மேடையை ஏன் இப்படிப் போட்டீங்க? "கிழக்குப் பக்கம்தான் மேடை இருக்கணும்னு சொன்னாங்க தம்பி." யார் சொன்னாங்க? "சொன்னாங்க." அந்தச் 'சொன்னாங்க'வோடுதான் எனக்கு இன்றைக்குச் சண்டை.

எனக்கு முன்னால் பேசிய அக்கா சாஸ்திரம், மூலை, மனையடி எல்லாம் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் ஒரு குத்து குத்தினார். "தெற்கு வாசல் நல்லதுன்னு பேச வந்திருக்கிற தம்பி வீட்டுக்கு எமன் விலாசம் கேட்காமலே வந்துடுவான்." நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல நகைச்சுவை. ஆனால் தட்டி முடித்த பிறகு யோசித்தேன். ஏன் அக்கா, எமன் வாசல் பார்த்துத்தான் வருவானா? எங்கள் தெருவில் பதினாறு வீடு. பதினாறும் கிழக்கு வாசல். பதினாறு வீட்டிலும் தாத்தா போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறது!

மதுரையில் தெற்குவாசல் என்று ஒரு பேட்டையே இருக்கிறது. அங்கே பஸ் நிற்கிறது, கடை இருக்கிறது, கல்யாணம் நடக்கிறது. எமன் அந்த ஸ்டாப்பில் இறங்கியதாக எந்தக் கண்டக்டரும் சொல்லவில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் ஆக உயரமான கோபுரம் எது? தெற்குக் கோபுரம். திருவரங்கத்துக்குப் போங்கள். 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரம், 236 அடி, தெற்கு வாசலில் நிற்கிறது. உள்ளே பெருமாள் படுத்திருக்கிறாரே, அவர் முகம் எந்தப் பக்கம்? தெற்கு. சிவன் கோயிலுக்கு வாருங்கள். பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டும் என்று வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை போடுகிறீர்களே, தட்சிணாமூர்த்தி, அவர் பெயரே தெற்கு! பெருமாளுக்கும் சிவனுக்கும் ஆகிற திசை, மூன்று சென்ட் பிளாட் வாங்கிய எங்கள் அண்ணனுக்கு ஆகாதா?

அக்கா பழமை பேசினார். சரி, நானும் பேசுகிறேன். நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுக்கிறார்கள். எப்படி? இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத உச்சிவேளையில் நிழல் பார்த்து, நூல் தெரிந்தவர்கள் கயிறு போட்டு அளக்கிறார்கள். வெயிலைக் கேட்டுத்தான் கயிறு போட்டார்கள் ஐயா. தெய்வத்தையும் கும்பிட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஒரு மதிப்பெண்ணை அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொல்வார்: "தெக்கு வெயில் மேல நிக்கும்டா, ரெண்டடி சன்ஷேடு போட்டா அடங்கிரும். மேக்கு வெயில் குனிஞ்சு உள்ள வரும், அதுக்குக் குடை கிடையாது." இவ்வளவுதான் விஷயம். மதுரையில் சித்திரை பிறந்த வாரத்திலேயே சூரியன் உச்சி தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கம்தான். கத்திரி வெயில் காலத்தில் உங்கள் தெற்குச் சுவர் நிழலில் நிற்கிறது! நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். வடக்கே இருந்து வந்தால் வாடை. கிழக்கே கொண்டல். தெற்கே தென்றல். மேற்கே இருந்து வருகிற காற்றுக்குப் பெயரே கோடை! இதற்கு மேலும் ஆராய்ச்சி வேண்டுமா? வடக்கு பார்த்த மச்சு வீட்டைவிடத் தெற்கு பார்த்த குச்சு வீடு நல்லது என்று பழமொழியே இருக்கிறது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். அண்ணன் வாங்கிய மனைக்குத் தெற்கே ரோடு. தென்றல் வாசலில் வந்து நிற்கிற மனை. வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். திசைகாட்டியை வைத்தார், பெருமூச்சு விட்டார், "தெற்கு வாசல் வேண்டாம், கிழக்கே திருப்பிடுங்க" என்றார். கிழக்கே என்ன இருக்கிறது? அடுத்த வீட்டு மதில். நடுவில் நாலடிச் சந்து. அந்தச் சந்துக்குள் தலைவாசல் வைத்தான் அண்ணன்.

கிரகப்பிரவேசம். விடியற்காலை நாலரை. பசுவைக் கொண்டுவந்தார்கள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, கல்யாணப் பெண் மாதிரி வருகிறது. சந்துக்குள் நுழைந்தது. வாசல் இருப்பது வலது பக்கமா இடது பக்கமா என்று பசுவுக்கு யார் சொல்வது? நேராகப் போனது. வாசலைத் தாண்டிப் போனது. சந்தின் கடைசியில் செப்டிக் டேங்க் மூடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. திரும்ப வேண்டும். சந்து நாலடி, பசு ஏழடி. திரும்புமா? ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை, நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மதினி ஆரத்தித் தட்டோடு உள்ளே நிற்கிறார், வாசல் வழியாகப் பசுவின் வயிறு மட்டும் தெரிகிறது. அண்ணன் பின்னால் நின்று, "வாலைப் பிடிச்சு இழுங்கப்பா" என்கிறான். மாட்டுக்காரர் அமைதியாகச் சொன்னார்: "சார், பசுவுக்கு ரிவர்ஸ் கிடையாது."

முக்கால் மணி நேரம் ஐயா! ஒருவர் அகத்திக்கீரையை ஆட்டுகிறார். ஒருவர் கொம்பைத் தள்ளுகிறார். எங்கள் பெரியப்பா, ரிட்டயர்டு லாரி டிரைவர், பின்னால் நின்று, "வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி... வரலாம்" என்கிறார்! பசு பயத்தில் அங்கேயே சாணி போட்டுக் கோமியமும் விட்டது. வாஸ்துக்காரர், "நல்ல சகுனம்" என்றார். கடைசியில் அதன் கன்றுக்குட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். தாய் வெளியே கத்துகிறது, கன்று உள்ளே கத்துகிறது, நடுவில் மதினி ஆரத்தி எடுக்கிறார்.

மறுநாள் பீரோ வந்தது. பீரோவுக்காவது பயம் கிடையாது, ஆனால் அதுவும் திரும்பவில்லை. தெற்கு ஜன்னலைப் பெயர்த்து எடுத்து அந்த வழியாக உள்ளே தள்ளினோம். அக்கா, கவனியுங்கள். எங்கள் அண்ணனின் பணம், நகை, பத்திரம் எல்லாம் அந்தப் பீரோவில். லட்சுமி எந்த வழியாக வந்தாள்? தெற்கு வழியாக! அந்த வழியை என்ன செய்தார்கள் தெரியுமா? வாஸ்துக்காரர் சொன்னார் என்று செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள்.

படுக்கையறையைக் கன்னி மூலையில் வைத்தார்கள். தென்மேற்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை வெயிலைக் குடிக்கும். குடித்ததை உடனே விடாது. ஆறேழு மணி நேரம் வைத்திருந்து, நீங்கள் படுக்கும்போது உள்பக்கமாக விடும். மதினி ஈரச் சேலையை அந்தச் சுவரோரம் போட்டுவிடுவார், இட்லிக்கு அரைத்து முடிப்பதற்குள் காய்ந்திருக்கும். ஏசி வாங்கினான். அதன் வெளிப்பெட்டியையும் அதே மேற்குச் சுவரிலேயே மாட்டினான்! இப்போது அண்ணன் மொட்டைமாடியில் படுக்கிறான். வாஸ்துப்படி கட்டிய வீட்டுக்கு மேலே படுக்கிறான், உள்ளே இல்லை.

சிரிக்கிறீர்கள். நானும் எல்லா ஊரிலும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சொன்னதில்லை.

அந்த வீட்டுக்கு எங்கள் அம்மாவும் போனார்கள். அதுவரை அவர்கள் இருந்தது அப்பா கட்டிய ஓட்டு வீடு, தெற்கு வாசல். மார்கழி மாதம் வெயில் தாழ்ந்து தெற்கே இருக்கும், வாசல் தாண்டி இரண்டடி உள்ளே வந்து விழும். அம்மா அதில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்வார்கள். சித்திரையில் அதே வெயில் படியோடு நின்றுவிடும், உள்ளே வராது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. கடிகாரம் தெரியாது. ஆனால் காலில் சூடு பட்டால் மணி சொல்வார்கள். "உரல் கிட்ட வந்துருச்சு, பத்து." "தாண்டிருச்சு, உலை வைக்கணும்."

புது வீட்டில் பகலிலும் டியூப் லைட்டுதான். அம்மா நாள் முழுக்க, "மணி என்னடா, மணி என்னடா" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் பெரிய கடிகாரம் வாங்கி மாட்டினான். அவன் நல்லவன் ஐயா, அம்மாமேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அம்மாவுக்கு அது சுவரில் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

நான் ஒருநாள் மதியம் போனேன். அம்மா வீட்டுக்குள் இல்லை. தேடினால், அந்த நாலடிச் சந்தில், பசு மாட்டிக்கொண்ட அதே இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மதிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சிவேளையில் கொஞ்ச நேரம் அங்கே வெயில் இறங்கும். காலை அதற்குள் நீட்டியிருந்தார்கள்.

இங்கே ஏன்மா உட்கார்ந்திருக்கீங்க என்றேன்.

"மணி பன்னிரண்டுடா. இந்த வீட்ல எனக்குத் தெரியிற மணி இது ஒண்ணுதான்."

ஐயா மணியடிக்கிறார். உட்கார்ந்துவிடுகிறேன்.