எந்த மரத்தை வெட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டில் மரம் வெட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒரு பகுதியில் இருப்பதை மொத்தமாகச் சாய்த்துவிட்டுப் புதிதாக நடுவது ஒன்று. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேர்ந்து வெட்டி, தரைக்கு எப்போதும் மரநிழல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் அதற்குத் திட்டம் போடுவது கடினம். எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்தால் போதாது, எந்த மரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் குவே என்ற ஊரின் காட்டில், 1890-இல், ஆன்றி பியோலே என்ற வன அதிகாரி இதற்கு ஒரு வழி கண்டார். மரம் மரமாகத் தடிமனை அளந்து எழுதிக்கொண்டார். கொஞ்சம் வெட்டினார். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எல்லாவற்றையும் அளந்தார். வெட்டிய பிறகு காடு எப்படி வளர்ந்தது என்று பார்த்து, அடுத்த முறை எவ்வளவு வெட்டலாம் என்று தீர்மானித்தார். இன்றைய கருவிகளை நான் இந்த நோட்டுப் புத்தகத்தின் வாரிசுகளாகவே பார்க்கிறேன்.

அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது மார்டெலோஸ்கோப். பெயரைக் கேட்டால் ஏதோ தொலைநோக்கி போல இருக்கும். உண்மையில் அது ஒரு துண்டுக் காடு, பெரும்பாலும் ஒரு ஹெக்டேர். வெட்டப்போகும் மரத்தில் சுத்தியலால் முத்திரை பதிக்கும் வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரிலிருந்து வந்த சொல் இது. அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதியிருப்பார்கள். உயரம், தடிமன், கட்டையின் தரம், பொந்து, வெடிப்பு, பட்டுப்போன கிளை என்று எல்லாம் முன்பே பதிவாகியிருக்கும். ஐரோப்பிய வன நிறுவனம் இதற்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்கியிருக்கிறது.

ஜெர்மனியில் அப்படி ஒரு துண்டுக் காட்டில், பீச் (beech) என்ற இலையுதிர் மரங்கள் நிற்கும் இடத்தில், எனக்கு ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, வெட்ட வேண்டியவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நன்றாகப் பருத்த ஒரு பீச் மரத்தை உடனே தொட்டேன். எத்தனை கன மீட்டர், எவ்வளவு பணம் என்று திரையில் வந்தது. கூடவே, உயிரினங்களுக்கான மதிப்பெண் சட்டென்று இறங்கியது. அண்ணாந்து பார்த்தேன். உயரத்தில் ஒரு மரங்கொத்திப் பொந்து. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் காட்டுப்புறாவும் ஆந்தையும் குடியேறும். பக்கத்தில் நின்றவரின் பட்டியலைப் பார்த்தால், என்னுடையதற்கும் அதற்கும் ஒட்டே இல்லை. ஒரு மரமும் சாயவில்லை, ஆனால் அரை நாளில் என் கண் மாறிவிட்டது.

சரி, எண் எழுதாத நிஜக் காட்டில்? விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பி மரங்களின் உயரத்தை அளக்கிறார்கள். ஒரே வயது மரங்கள் நிற்கும் தோப்புக்கு இது அருமையான முறை. பல வயது மரங்கள் கலந்த காட்டிலோ, பெரிய மரங்களின் தலை தெளிவாகத் தெரியும், அடியில் வளரும் கன்றுகள் பாதி மறைந்துவிடும். நாளைய காடே அந்தக் கன்றுகள்தான். அதனால் லேசர் கருவியைக் கையில் ஏந்தியோ முதுகில் சுமந்தோ உள்ளே நடந்துபோய் அளப்பதும் நடக்கிறது. அடர்ந்த இலைக்கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அப்போது பக்கத்து மரம் குறிபட்டுவிடும். இந்தச் சிக்கல் இன்னும் முழுக்கத் தீரவில்லை.

பின்லாந்தில் 2014-இல் வனச் சட்டம் மாறிய பிறகு, தேர்ந்து வெட்டும் முறைக்கு அங்கும் வழி திறந்தது. அங்கே வெட்டுவது இயந்திரம். ஓட்டுநர் சில நொடிகளில் மரத்தைத் தேர்ந்தாக வேண்டும். எங்கே தரை ஈரம், எந்தத் தடத்தில் போனால் சக்கரம் புதையாது என்று அவர் முன்னால் வரைபடம் இருக்கும். வெட்டும் தலையே ஒவ்வொரு கட்டையின் நீளத்தையும் தடிமனையும் அளந்து பதிந்துகொள்ளும். ஆனால் அந்தப் பதிவில் இருப்பது வெட்டிய மரம் மட்டுமே. நிற்கிற மரத்தில் பட்டை உரிந்ததா, கன்று நசுங்கியதா என்று அப்புறம் யாராவது நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு அந்தக் காயம் வழியாகவே அழுகல் நோய் இறங்கும். என்னைக் கேட்டால், திட்டத்திலேயே அந்த நடைக்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

அந்த பீச் காட்டில் மாலையில் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. பொந்து மரத்தை விட்டுவிட்டு, அதை நெருக்கிக்கொண்டிருந்த இரண்டு மரங்களைத் தொட்டேன். பணம் குறைந்தது. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.