மூணு பொருள் இருந்தா மொத்த ஈர்ப்பு விசையை எப்படிக் கூட்டுறது? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பென்னாகரத்துல இருந்து, பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு அனுப்பியிருக்கு. "சார், சமபக்க முக்கோணத்தோட மூணு மூலையிலயும் ஒரே நிறையுள்ள பொருள் இருக்கு. ஒண்ணு மேல மத்த ரெண்டும் சேர்ந்து எவ்வளவு விசை கொடுக்கும்? ஒரு ஜோடிக்கு நடுவுல இருக்குற விசையை எஃப்னு வச்சா எனக்கு 2 எஃப் வருது, விடையில ரூட் 3 எஃப்னு போட்டிருக்கு. அப்புறம், நடுவுல இன்னொரு பொருள் வந்தா ஈர்ப்பு விசை தடைபடுமா சார்?"

நல்ல கேள்விம்மா, ரெண்டுமே. முதல்ல இதைப் புடிச்சுக்க. எத்தனை பொருள் இருந்தாலும் நியூட்டன் விதியை ஜோடி ஜோடியாத்தான் போடணும். ஒரு ஜோடியை எடுத்தா, மத்தது எதுவுமே அங்க இல்லைன்னு வச்சுக்க. ரெண்டு நிறையையும் பெருக்கு, ஜி-ங்கற ஈர்ப்பு மாறிலியால பெருக்கு, தூரத்தோட வர்க்கத்தால வகு. அப்புறம் அடுத்த ஜோடி. எல்லாம் முடிஞ்ச பிறகு திசையோட கூட்டு. மேற்பொருந்துதல் தத்துவம்னு சொல்றது இதைத்தான்.

நீ எண்ணை மட்டும் கூட்டிட்ட, திசையை விட்டுட்ட. ரெண்டு பேரும் ஒரே பக்கம் இழுத்தாத்தான் 2 எஃப். இங்க ரெண்டு விசைக்கும் நடுவுல 60 டிகிரி இருக்கு. சரிபாதியா ஒரு கோடு போடு. ஒவ்வொரு விசையும் அந்தக் கோட்டுல இருந்து 30 டிகிரி விலகி நிக்கும். பக்கவாட்டுக் கூறு ஒண்ணு இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம், அது அடிபட்டுப் போயிடும். கோட்டு வழியா காஸ் 30, அதாவது 0.866 எஃப், ரெண்டு தடவை. 1.732 எஃப். அதுதான் ரூட் 3.

இந்த விசை எவ்வளவு சின்னதுன்னும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடணும். நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பிளாக் அடுக்கி வச்சிருப்பாங்க இல்ல, 20 டன் பிளாக் ஒண்ணு, அதுக்குக் கிழக்கே 10 மீட்டர்ல ஒண்ணு, வடக்கே 10 மீட்டர்ல ஒண்ணுன்னு வச்சுக்க. ஜி 6.67 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 11. ஒவ்வொரு ஜோடிக்கும் 0.000267 நியூட்டன் வரும். அது ஒரே ஒரு அரிசியோட எடை அளவுதான். ரெண்டும் செங்குத்தா இருக்கறதால பிதாகரஸ் போடு, 0.000377 நியூட்டன், சரியா வடகிழக்குப் பக்கம்.

இப்ப ரெண்டாவது கேள்வி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. தடைபடாது. அதுக்கு வானத்துலயே சாட்சி இருக்கு. சந்திரன் மேல சூரியன் கொடுக்குற விசை சுமார் 4.4, பூமி கொடுக்குறது சுமார் 2. ரெண்டுக்கும் 10-இன் அடுக்கு 20 நியூட்டன்னு சேர்த்துக்க. ஆமா, சந்திரனைப் பூமியை விட சூரியன்தான் ரெண்டு மடங்குக்கு மேல இழுக்குது. பல பேருக்கு இது தெரியறதில்ல.

பௌர்ணமி அன்னைக்கு சூரியன், பூமி ரெண்டும் சந்திரனுக்கு ஒரே பக்கம். கூட்டு, 6.4. அன்னைக்கு சந்திர கிரகணம்னா பூமி குறுக்க நின்னு வெளிச்சத்தை மறைக்குது. ஆனா சூரியனோட ஈர்ப்பை மறைக்க அதால முடியாது, அதே 4.4 அப்படியே போய்ச் சேரும். அமாவாசைக்கு சந்திரன் நடுவுல, ரெண்டும் எதிரெதிர் பக்கம் இழுக்குது. கழிச்சா 2.4, அதுவும் சூரியன் பக்கமா. பாதி நிலா தெரியற அன்னைக்கு, சந்திரன்ல இருந்து பார்த்தா ரெண்டுக்கும் நடுவுல 90 டிகிரி. பிதாகரஸ் போட்டா 4.8 வரும். மாசம் பூரா அதே மூணு பேர்தான், தூரமும் பெருசா மாறல. திசை மாறுனதுக்கே மொத்த விசை 2.4-ல இருந்து 6.4 வரைக்கும் போகுது பாரு.

பரீட்சையில படம் வரையாம இந்தக் கணக்கைத் தொடவே தொடாதம்மா. எந்தப் பொருள் மேல விசை கேட்டிருக்காங்களோ, அதுல இருந்து மத்த ஒவ்வொண்ணை நோக்கியும் அம்புக்குறி போட்டுடு.

அடுத்து சதுரம் போட்டுப் பாரு. நாலு மூலையிலயும் ஒரே நிறை, ஒண்ணு மேல மத்த மூணும். பக்கத்துல இருக்குற ரெண்டும் சேர்ந்து ரூட் 2 எஃப், மூலைவிட்டத்து வழியா. எதிர் மூலையில இருக்கறது ரூட் 2 மடங்கு தூரம்ங்கறதால பாதி எஃப், அதுவும் அதே திசை. 1.91 எஃப் வரணும். வரலன்னா நீ போட்ட படத்தை போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்றேன்.