ஓட்டிப் பார்க்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள்

அவைத் தலைவர் அவர்களே, பயிற்சிக்கு வந்திருக்கும் நூலகர்களே, இசைச் சபாக்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பழைய ஒலிப் பதிவுகளையும் படச்சுருள்களையும் பாதுகாக்கக் கற்றுக்கொள்ள, நாளைக் காலையிலிருந்து ஒரு வாரம் நீங்கள் மேசையில் உட்கார்ந்து கையால் வேலை செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்பு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். பழைய கேசட்டோ, வீடியோ டேப்போ, படச்சுருளோ கைக்குக் கிடைத்தால் உடனே ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அந்த ஆசையை அடக்கப் பழகுவதே இந்த வேலையில் முதல் பாடம். படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, பழகுவது வேறு. அதனால்தான் இதைச் செய்முறைப் பயிற்சியாக வைத்திருக்கிறார்கள்.

ஏன் ஓட்டக் கூடாது? வி.எச்.எஸ். வீடியோ டேப்பை ஓட்டும் கருவியை டெக் என்போம். அதற்குள்ளே, டேப்பில் இருப்பதைப் படிக்கும் ஹெட் பொருத்திய ஓர் உருளை இருக்கிறது. நம் நாட்டு டி.வி.யில் இருந்த பி.ஏ.எல். என்ற ஒளிபரப்பு முறையில் அது நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றும். பூஞ்சை பிடித்த டேப்பை அதன்மேல் ஓடவிட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும். டேப் சிக்கிக் கசங்கும், சில நேரம் அறுந்தே போகும். அடுத்துப் போடுகிற நல்ல டேப்பிலும் அந்தப் பூஞ்சை ஏறிவிடும். டெக் கெட்டுப்போனால் புதிதாக வாங்கவும் வழியில்லை. கடைசிவரை வி.எச்.எஸ். ரெக்கார்டர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஹெட் மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இன்னும் கடை வைத்திருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். இது நான் மிகவும் வருந்திக் கேட்கும் வேண்டுகோள்.

கேசட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வீடுகளில் பரணில் கிடப்பது பெரும்பாலும் அதுதான். திருவிழாவில் பிடித்த நாதஸ்வரம், ஊர்க்கூத்து, பாட்டியின் ஒப்பாரி, வெளிநாட்டிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட் எல்லாம் அதில் இருக்கின்றன. கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, சின்ன ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் தனியாக ஒரு பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள். அடுத்து, முன்பக்க வாயில் டேப்புக்குப் பின்னால் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கிக் கேட்கும், ஏறி இறங்கும். கேட்பவர் பதிவே போய்விட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார். உண்மையில் பதிவு அப்படியே இருக்கிறது. ஸ்குரூ போட்ட கேசட் என்றால் கழற்றி, சுருளை அப்படியே ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றி வைத்தால் போதும்.

அதற்கும் மேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அசிமுத் என்பார்கள். பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, கேட்கும் டெக்கின் ஹெட்டும் அதே சாய்வில் இருக்க வேண்டும். வீட்டு டேப் ரெக்கார்டர் ஒவ்வொன்றும் ஒரு சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஸ்குரூவை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். அப்போது ஒலியை மோனோவில் வைத்துக்கொண்டு ஜால்ராவையோ, பேச்சில் வரும் 'ஸ' ஒலியையோ கவனியுங்கள். ஓர் இடத்தில் அது பளிச்சென்று திறந்துகொள்ளும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் பிறகு எந்தச் சாஃப்ட்வேரைக் கொண்டு சரிசெய்தாலும், அந்த ஜால்ரா முழுசாகத் திரும்பி வராது.

படச்சுருளுக்கு வருவோம். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால், சுருளின் அடிப்படைப் பொருளான அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வரும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். ஒரு மாம்பழம் அழுகினால் கூடையே போவது போல, பக்கத்து டப்பாக்களையும் அது கெடுக்கும். மூக்கை மட்டும் நம்பாதீர்கள். ஏ-டி பட்டை என்று அமிலம் பட்டால் நிறம் மாறும் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது, டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போனால் அந்தச் சுருளைத்தான் முதலில் ஸ்கேன் செய்து டிஜிட்டலாக மாற்ற வேண்டும். சுருள் சுமார் ஒரு சதவீதம் சுருங்கினாலே சாதாரண புரொஜெக்டரின் பற்கள் துளையில் சரியாக உட்காராமல் கிழித்துவிடும். ஆகவே ரீவைண்டரில் மெதுவாகச் சுற்றி, விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கே துளை கிழிந்திருக்கிறது, எந்த ஒட்டு பிரியப் போகிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரியும். பருத்திக் கையுறை வேண்டாம், அதன் நூல் கிழிந்த துளையில் மாட்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை போதும்.

பழைய படச்சுருள்கள் சில, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. விளிம்பில் 'நைட்ரேட்' என்று அச்சிட்டிருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். நைட்ரேட் தீக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும், தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புணேயில் நைட்ரேட் கிடங்கு தீப்பற்றியபோது தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய சுருள்கள் சாம்பலாகிப் போயின. தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' பிரதியும் நம்மிடம் இல்லை. சுருளில் படிந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே எடை போட்டு விற்கப்பட்ட பிரிண்டுகள் இந்த நாட்டில் ஏராளம். அன்றைக்கு அதைத் தடுக்கக் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். புணே காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயரைப் போன்ற ஒருவர் ஊருக்கு ஒருவராக இருந்திருந்தால் எவ்வளவோ தப்பித்திருக்கும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மும்பையில் இருக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், உலகத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பான ஃபியாஃபுடன் சேர்ந்து 2015 முதல் இப்படிப்பட்ட பயிலரங்குகளை நடத்திவருகிறது. 2017-இல் சென்னையிலேயே, பிரசாத் லேபில் நடந்தது. சுருளைத் துடைப்பது, ஒட்டுவது, ஸ்கேன் செய்வது என்று எல்லாவற்றையும் வெளிநாட்டுக் காப்பகங்களில் வேலை பார்ப்பவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள்.

டிஜிட்டலைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன், அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது. எம்.பி.3 ஒலியைச் சுருக்கி ஒரு பகுதியை விட்டுவிடும், அப்படி மாற்றி வைத்தால் பாதுகாத்ததாக ஆகாது. அப்படிச் சுருக்காமல், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு ஏறக்குறைய 2 ஜி.பி. ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் அது பெரிய செலவே இல்லை. மூன்று பிரதி எடுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்காத நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாற்றி முடித்ததும் மூல டேப்பைக் குப்பையில் போடாதீர்கள். அட்டையில் பேனாவால் எழுதியிருக்கும் பெயர், தேதி, பாடியவர் ஊர் எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுங்கள். அதை எழுதியவர் உயிரோடு இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். யார் குரல், எந்த ஊர்த் திருவிழா என்று தெரியாத பதிவைத் தேடி வருகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியாக, நிறுவனத் தலைவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கேனர் வாங்க நிதி கேட்டால் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. பயிற்சி பெற்றுத் திரும்பும் ஊழியரை ஆறே மாதத்தில் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம், ஸ்கேனர் உறை போட்டபடி தூங்குகிறது. இந்தக் கை பழக ஆண்டுகள் ஆகும். இங்கிருந்து வருகிறவருக்கு ஒரு தனி அறை கொடுங்கள். அதில் ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் நிறுத்தாதீர்கள், வெப்பமும் ஈரமும் ஏறி இறங்குவது டேப்புக்கு இன்னும் கெடுதல். நல்ல விளக்கு வெளிச்சத்தில் ஒரு மேசை, பழுதுபார்த்த இரண்டு டெக், அடுத்த ஆண்டு அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு இளைஞர், இவ்வளவும் அவருக்கு வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பாதீர்கள்.

வணக்கம்.