வெயிலை விட்டுவிட்டு எதை எரிப்பது?

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினரே, மூதூரிலிருந்து வந்திருக்கும் கடற்றொழிலாளர் சங்கத்தாரே, பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க. மாலை போட்ட பிள்ளைக்கும் என் நன்றி.

மின்சாரத்தை எதிலிருந்து எடுப்பது என்பதில் விலை, நம்பகம், புகை என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். விலையில் தொடங்குகிறேன்.

இலங்கை மின்சார சபை இருபது வருடத்துக்கு முன்னோக்கிக் கணக்குப் போட்டுவந்தது. கட்டும் செலவு, எரிபொருள், பராமரிப்பு எல்லாம் கூட்டி, எது குறைவோ அதற்கே முதலிடம். நிலக்கரி நிலையம் கட்டச் செலவு, ஓட்ட மலிவு. டீசல் நேர்மாறு. ஆனால் 'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பார் என் அப்பா. புத்தளம் பக்கத்து நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் 900 மெகாவாட்டுக்கு வேண்டிய நிலக்கரியைக் கடல் அமைதியான மாதங்களில்தான் இறக்க முடியும். தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் முடியாது. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டு. இந்த இரண்டும் எந்தக் கணக்கில் வரும்?

மூதூர் பக்கத்துச் சம்பூருக்கும் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்றார்கள். 2016இல் கைவிட்டார்கள். அதற்குப் பதில் அங்கே சூரிய மின் நிலையம் என்று முடிவானது.

அப்புறம் அந்தக் குரங்கு! 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாம், நாடு முழுக்க மின்சாரம் போனது. நான் தேநீர்க் கடையில் இருந்தேன். மிக்சர் நின்றது, மின்விசிறி நின்றது, அரசியல் பேச்சு மட்டும் நிற்கவில்லை. சேதி வந்ததும் ஒரு பெரியவர், "தம்பி, நாங்கள் எத்தனை கடதாசி எழுதியும் அசையாத நாட்டை ஒரு குரங்கு அசைச்சுப்போட்டுதே" என்றார். கடைக்காரர் விடவில்லை: "நல்லகாலம் ஐயா, எங்கட திருகோணமலையில் மான்தான், கம்பத்தில் ஏறாது." மின்சாரம் வரும்வரை சிரித்தோம். ஆனால் விசயம் பெரிது: ஞாயிறு பகலில் தேவை குறைவு, வெயில் மின் அதிகம். சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடும் அப்படியான நேரத்தில் மின் வலையமைப்பு சிறு அதிர்ச்சியையும் தாங்கத் திணறும். அந்தச் சித்திரை விடுமுறையில் கூரைச் சூரிய மின்னைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

பகலில் மிஞ்சும் மின்னை வீணாக்குவதா? அதில் ஐஸ் செய்யலாமே! கொட்டியாரக் குடாவில் பிடிக்கும் மீனுக்கு ஐஸ் வேண்டும், பகல் முழுக்க உறைய வைத்து விடியலில் படகில் ஏற்றலாம். ஒவ்வொரு இறங்குதுறையிலும் வெயிலில் ஓடும் ஐஸ் நிலையம் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே வருகிறேன். ஆழம் அறிந்துதான் கேட்கிறேன், அம்மா அவர்களே.

நேரம் முடிந்ததென்று அதிபர் ஐயா மணியைப் பார்க்கிறார். சரி, புகையை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். ஐஸ் நிலைய மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகுமுன் கையெழுத்துப் போடுங்கள், பேனையைத் திருப்பி வையுங்கள்.