அந்தப் படத்தில் சீனி எங்கே?

வணக்கம் நேயர்களே. லண்டனில் சிக்ஸ்த் ஃபோர்மில், அதாவது 12, 13ஆம் ஆண்டில், ஏ லெவல் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிப்பவன் நான். பாடம் தெரிவு செய்ய வரும் பெற்றோரில் நம்மவர்கள் முதலில் கேட்பது, "சேர், இதைப் படித்தால் வங்கியில் வேலை கிடைக்குமா?" என்பதுதான். நான் பதில் சொல்லாமல் மேசையில் இருக்கும் மென்பான டின்னைக் கையில் எடுப்பேன். இந்தப் பாடம் எப்படிப்பட்டது என்பதை அதை வைத்தே விளக்குவேன்.

2018 ஏப்ரலில் பிரித்தானிய அரசு சீனி சேர்த்த மென்பானங்களுக்கு வரி கொண்டுவந்தது. 100 மில்லிலீற்றரில் 8 கிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால், தொடக்கத்தில் லீற்றருக்கு 24 பென்ஸ். 5 கிராமிலிருந்து 8 கிராமுக்குள் என்றால் 18 பென்ஸ். 330 மில்லிலீற்றர் டின்னுக்குக் கணக்குப் பார்த்தால், கூடிய வரியே ஏறக்குறைய 8 பென்ஸ்தான்.

இந்த வரி பயன் தருமா என்று கேட்டால், 12ஆம் ஆண்டுப் பிள்ளை உடனே படம் வரையும். ஊரில் உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும்: வாங்குவோர் பக்கத்தைக் காட்டும் கேள்வி வளையி, விற்போர் பக்கத்தைக் காட்டும் நிரம்பல் வளையி. வரி வந்ததும் நிரம்பல் வளையி இடப்பக்கம் நகரும், விலை ஏறும், விற்பனை குறையும். எல்லாம் சரிதான். ஆனால் 25 மதிப்பெண் கட்டுரையை இதோடு நிறுத்தினால் நல்ல தரம் கிடைக்காது. பிள்ளை வீட்டுக்குப் போய், "எல்லாம் சரியாகத்தான் எழுதினேன்" என்று அழும்.

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி கையை உயர்த்தி, "சேர், இந்தப் படத்தில் சீனி எங்கே?" என்று கேட்டாள். படத்தில் விலையும் அளவும்தான் இருந்தன, சீனி இல்லை. உண்மையில் மாறியதோ சீனிதான். வரி வருகிறது என்று 2016இலேயே அறிவித்துவிட்டதால், பல நிறுவனங்கள் முன்கூட்டியே சீனியைக் குறைத்து 5 கிராம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. திறைசேரி முதலில் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. அப்படியானால் வரி தோற்றுவிட்டதா? சீனியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் தோல்வி என்று எப்படிச் சொல்வது? 8 பென்ஸுக்காகக் குடிப்பதை விடாதவர் ஏழையாக இருந்தால், சுமை யார் தலையில்? மதிப்பெண் கிடக்கும் இடம் இது. சனிக்கிழமை டியூஷனில் மாதிரி விடையை மனப்பாடம் செய்து வரும் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். மனப்பாடம் வீண் என்று சொல்லமாட்டேன். வரைவிலக்கணங்களுக்கு அது வேண்டும்.

கணிதம் பற்றி ஒரு வார்த்தை. ஏ லெவல் பொருளியலில் மதிப்பெண்களில் குறைந்தது 20 விழுக்காடு கணக்கீட்டுத் திறனுக்கு. சதவீதமும் சுட்டெண்ணும் வரைபடமும் தெரிந்தால் சமாளிக்கலாம், நுண்கணிதம் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் கதை வேறு. கேம்பிரிட்ஜிலும் எல்.எஸ்.இ. எனப்படும் லண்டன் பொருளியல் கல்லூரியிலும் பொருளியல் பட்டத்துக்கு ஏ லெவல் கணிதம் கட்டாயம். ஏ லெவல் பொருளியல் கட்டாயமில்லை! பொருளியலை எடுத்துக் கணிதத்தைக் கைவிட்டபின் 13ஆம் ஆண்டில் இதைக் கேள்விப்பட்டுத் திகைத்து நின்ற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

ஓகஸ்ட்டில், 11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் முடிவு வந்த கையோடு சிக்ஸ்த் ஃபோர்ம் பதிவு நடக்கும். அதில் கணிதத்தில் தரம் 6 எடுக்காத பிள்ளையைப் பல இடங்களில் இந்தப் பாடத்துக்குச் சேர்ப்பதில்லை. உங்கள் பள்ளியின் விதி என்னவென்று இப்போதே கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.