பப்ளிக் டாய்லெட் போனாலே யூரின் இன்ஃபெக்‌ஷன் வருமா?

அடுத்த கேள்வி, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல துணிக்கடையில வேலை பாக்குற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. கடையில டாய்லெட் இல்லையாம், பொது டாய்லெட்டுக்குத்தான் போகணுமாம், அங்க போனா இன்ஃபெக்‌ஷன் வந்துரும்னு பயந்து ராத்திரி வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிறாங்களாம், தண்ணியும் குடிக்கறதில்லையாம், அப்படியும் இந்த வருஷம் ரெண்டு தடவ வந்துருச்சு ஏன்னு கேக்குறாங்க.

அம்மா, நீங்க அடக்குறதும் தண்ணி குடிக்காததும்தான் பெரிய பிரச்சனையே. யூரின் இன்ஃபெக்‌ஷன் பெரும்பாலும் ஈ.கோலைங்கற கிருமியால வருது, அது டாய்லெட் சீட்டுல இருந்து வர்றதில்ல, நம்ம குடல்லயே இருக்கறதுதான். பெண்களுக்கு சிறுநீர் வர்ற குழாய் சுமாரா 4 சென்டிமீட்டர்தான், மோஷன் போற இடத்துக்குப் பக்கத்துலயே வேற இருக்கு, அதனால கிருமி சுலபமா மேல ஏறிடுது. சீட்டுல படுறது தொடைதான், அது வழியா உள்ள போறது ரொம்ப அபூர்வம். ஏறுன கிருமி அடிச்சிட்டுப் போகணும்னா யூரின் போகணும், நீங்க பத்து மணி நேரம் அடக்கி வெச்சா அது உள்ளயே இருந்து பெருகுது.

அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற பெண்களை வெச்சு பண்ண ஒரு ஆய்வு 2018-ல வந்துச்சு, தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிச்சவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. ஏசி கடையில நின்னா தாகமே தெரியாது, அதனால யூரின் கலரப் பாருங்க, அடர் மஞ்சளா போச்சுன்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம். இங்க குழாய்த் தண்ணியே அப்படியே குடிக்கலாம், ஒரு பாட்டில் கைல இருந்தா போதும்.

சீட்டுல உக்கார அருவருப்பா இருந்தா டிஷ்யூவால துடைச்சிட்டு நல்லா உக்காருங்க. நெறைய பேரு சீட்டுல படாம அந்தரத்துல குனிஞ்சு நின்னே போறாங்க, அப்ப தசை தளராது, யூரின் முழுசா வெளிய வராம மிச்சம் தங்கிடும். மால்ல, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல பல இடத்துல தண்ணி ஹோஸ் இருக்காது, கழுவிப் பழகினவங்க சின்ன பாட்டில்ல தண்ணி கொண்டு போங்க, கழுவினாலும் துடைச்சாலும் முன்னாடியிருந்து பின்னாடிதான். அந்த இடத்தைக் கழுவ வாசனை வாஷ் எதுவும் வேணாம். கைய சோப்பு போட்டு கழுவணும், டாய்லெட்ல இருந்து நிஜமா ஒட்டிக்கிறது வயித்துப்போக்கு மாதிரி நோய்ங்கதான், அது கை வழியா வாய்க்குப் போகுது.

உங்க முதலாளிகிட்ட தயங்காம சொல்லுங்க, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ போயே ஆகணும்னு, இது உங்க உடம்பு, இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

யூரின் போறப்ப எரிச்சல், அடிக்கடி யூரின் வர்ற மாதிரி உணர்வு இருந்தா பாலிகிளினிக், அதாவது அரசு கிளினிக் போங்க. குளிர் காய்ச்சல், விலாப்பக்கம் முதுகு வலி, வாந்தின்னா அன்னைக்கே போயிடணும், கிட்னி வரைக்கும் போயிருக்கலாம், கர்ப்பமா இருந்தா லேசான எரிச்சலுக்கே காட்டிடுங்க. ஊர்ல இருந்து கொண்டு வந்த ஆன்டிபயாடிக்க மட்டும் நீங்களா போடாதீங்க, ரெண்டு தடவ வந்திருக்கறதால யூரின்ல என்ன கிருமி இருக்குன்னு பாக்குற யூரின் கல்ச்சர் டெஸ்ட் தேவையா, சுகர் பாக்கணுமான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.