பெல்லட் ஸ்டவ்வுக்கு வீட்டில் எந்த இடம்?

(திரையில்: ஒரு குடும்ப வீட்டின் தரைப்படம். ஹால், சமையலறை, படிக்கட்டு, படுக்கையறைகள்.)

வணக்கம். பெல்லட் ஸ்டவ் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் மாடலைப் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் ஹாலில் எந்த மூலை காலியாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். காலியாக இருக்கும் மூலையே சரியான இடமாகவும் அமைந்தால் அது அதிர்ஷ்டம்தான். இந்த வீடியோவில் இடத்தை முதலில் முடிவு செய்வோம்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: இது சமைக்கிற அடுப்பு இல்லை, வீட்டைச் சூடாக்கும் கணப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு துண்டுகள்தான் பெல்லட்.

(திரையில்: ஸ்டவ்வின் குறுக்குவெட்டு. பெல்லட் விழுகிறது, தீப்பிடிக்கிறது.)

மேலே உள்ள தொட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். ஒரு திருகுத்தண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரத்தில் சூடேறும் கம்பி ஒன்று பற்ற வைக்கிறது. உள்ளே இரண்டு விசிறிகள்: ஒன்று புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூடான காற்றை அறைக்குள் ஊதும். ஆக, இடம் தேடும்போது கேட்க வேண்டியது இரண்டு. சூடு எங்கே போய்ச் சேர வேண்டும்? புகை எந்த வழியாக வெளியேறும்? இரண்டுக்கும் ஒரே இடம் ஒத்துவராதபோதுதான் தலைவலி ஆரம்பம்.

சூட்டிலிருந்து தொடங்குவோம். மாலையில் குடும்பம் எங்கே கூடுகிறதோ அந்த அறைதான் முதல் தேர்வு. ஸ்டவ்வின் முகம் வீட்டின் நீளமான பக்கத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். ஊதுகிற காற்று சோபாவின் முதுகில் மோதி நின்றுவிட்டால் பக்கத்து அறைக்கு எதுவும் போகாது. கதவு மூடிய சிறிய அறையில் வைத்தால் பத்து நிமிடத்தில் வேர்க்கும், ஸ்டவ் அணையும், மறுபடி பற்றும். இப்படி அடிக்கடி அணைந்து பற்றினால் பற்றவைக்கும் கம்பி சீக்கிரம் தேய்ந்துபோகும், கரியும் கூடும்.

(திரையில்: வாசற்படியில் காற்றோட்டம். மேலே சிவப்பு அம்பு, கீழே நீல அம்பு.)

அறைக்கு அறை சூடு எப்படிப் போகிறது என்பது பலருக்கும் தெரியாத விஷயம். வாசலின் மேல்பாதி வழியாகச் சூடான காற்று வெளியேறும், கீழ்ப்பாதி வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அதனால் தூரத்து அறையைச் சூடாக்க, சூடான காற்றை அங்கே ஊதுவதைவிட, அந்த அறையின் தரையில் ஒரு சின்ன விசிறியை வைத்துக் குளிர்ந்த காற்றை ஸ்டவ் பக்கம் தள்ளுவது நன்றாக வேலை செய்யும். அந்த இடத்தைச் சூடான காற்று தானாக வந்து நிரப்பும்.

மாடி வீடு என்றால் படிக்கட்டைக் கவனியுங்கள். படிக்கட்டின் காலடியிலேயே வைத்தால் சூடெல்லாம் மேலே ஏறிவிடும். மாடியில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுப்பார்கள், கீழே ஹாலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பீர்கள். படிக்கட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஆனால் அதை நோக்கி வழி திறந்திருக்கும் இடம் பரவாயில்லை. தரைமட்டத்துக்குக் கீழே உள்ள நிலவறையில் வைத்து வீடு முழுவதும் சூடாக்கலாம் என்ற யோசனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அங்குள்ள சுவர்களுக்கு இன்சுலேஷன், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் பூச்சோ அடுக்கோ இல்லையென்றால் சூட்டில் பெரும்பங்கை மண்ணே வாங்கிக்கொள்ளும்.

சரி, இப்போது புகை. பலருடைய திட்டம் உடைவது இங்கேதான்.

(திரையில்: நேராக ஏறும் குழாய், அதன் பக்கத்தில் மூன்று வளைவுகளுள்ள குழாய்.)

புகைக்குழாய் மெல்லியதுதான். ஐரோப்பிய மாடல்களில் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர், வட அமெரிக்காவில் 3 அல்லது 4 அங்குலம். விசிறி தள்ளுவதால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் புகை அறைக்குள் கசியும். ஒவ்வொரு வளைவும் புகையின் வேகத்தைக் குறைக்கும், அங்கே சாம்பலும் தங்கும். அதனால்தான் வெளிச்சுவரை ஒட்டிய இடம் வசதி: குழாய் குட்டையாக, நேராக முடிந்துவிடும்.

ஆனால் குட்டை என்பதற்காகச் சுவரில் ஓட்டை போட்டுக் கிடையாக மட்டும் விட்டுவிடக் கூடாது. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விசிறி நிற்கும், கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெல்லட் புகைந்துகொண்டிருக்கும், புகையைத் தள்ள ஆளில்லை. குழாய் செங்குத்தாகக் கொஞ்ச தூரமாவது ஏறியிருந்தால் சூடான புகை தானாகவே மேலே இழுத்துக்கொண்டு போகும். இல்லையென்றால் அது ஹாலுக்குத்தான் திரும்பும்.

குழாயின் வாய் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். ஜன்னல், கதவு, காற்று உள்ளே வரும் துவாரம் எதற்கும் அருகில் கூடாது. சில நாடுகளில் சுவர் வழியாக வெளியே விடவே அனுமதி இல்லை, கூரைக்கு மேலேதான் போக வேண்டும். எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு விதியையும், ஸ்டவ்வோடு வரும் கையேட்டையும் பார்க்காமல் துளை போடாதீர்கள். பழைய புகைபோக்கி இருந்தால் அதற்குள் சரியான அளவு உலோகக் குழாயை இறக்கிப் பயன்படுத்தலாம். வேறொரு கணப்பின் புகை போகிற வழியில் மட்டும் இதைச் சேர்க்காதீர்கள்.

எரிவதற்குக் காற்றும் வேண்டும். நன்றாக அடைத்துக் கட்டிய வீட்டில் சமையலறைப் புகை உறிஞ்சி முழு வேகத்தில் ஓடினால், அது ஸ்டவ்வின் புகையையே உள்ளே இழுக்கக்கூடும். வெளியிலிருந்து நேரடியாகக் காற்று எடுக்கும் குழாய் வைக்க வழி இருக்கும் இடமாகப் பாருங்கள். படுக்கையறையும் குளியலறையும் வேண்டாம். எங்கே வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சு வாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் கட்டாயம்.

(திரையில்: ஸ்டவ்வைச் சுற்றிப் புள்ளிக்கோடு.)

சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. சுவரைத் தொட்டபடி மாடத்துக்குள் செருகிவிட்டால், பக்கவாட்டுக் கதவைத் திறந்து விசிறியைச் சுத்தம் செய்ய வருபவர் பாடு திண்டாட்டம். எரியக்கூடிய தரை என்றால் அடியில் ஓடு, கண்ணாடி அல்லது உலோகத் தகடு வேண்டும். முன்கண்ணாடி கையைச் சுடும். தவழும் குழந்தை இருந்தால் அதன் ஓட்டப் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள், முடியாவிட்டால் தடுப்புக் கம்பி போடுங்கள்.

டிவிக்குப் பக்கத்து மூலையை எல்லோரும் விரும்புகிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் விசிறி இரைச்சலும் பெல்லட் விழும் டக் டக் சத்தமும் டிவி ஒலியோடு போட்டி போடும்.

அப்புறம், மூட்டை. ஐரோப்பாவில் வழக்கமான மூட்டை 15 கிலோ. 8 கிலோவாட் ஸ்டவ் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 2 கிலோ எரிக்கும். ஆக, குளிர்காலம் முழுவதும் யாரோ ஒருவர் மூட்டை தூக்க வேண்டும். அவர் வரும் வழியை நடந்து பாருங்கள். தொட்டியின் மூடி மேலே திறக்கும், அதனால் தலைக்குமேல் அலமாரி இருந்தால் கொட்ட முடியாது. மூட்டைகளை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நனைந்த பெல்லட் ஊதித் தூளாகி, திருகுத்தண்டை அடைத்துவிடும்.

சுவரில் மின் இணைப்பு பக்கத்திலேயே இருக்கட்டும், நீட்டிப்பு ஒயர் வேண்டாம். வெப்பநிலையை அளக்கும் சென்சார் பெரும்பாலும் ஸ்டவ்வின் பின்பக்கத்தில்தான் இருக்கும். அது தன் சூட்டையே அறையின் சூடு என்று நினைத்துச் சீக்கிரம் வேகத்தைக் குறைத்துவிடும். அறையின் சூட்டை அளந்து ஸ்டவ்வைக் கட்டுப்படுத்தும் தனித் தெர்மோஸ்டாட்டை நீங்கள் உட்காரும் இடத்துக்கு அருகே சுவரில் மாட்டுவது நல்லது.

(திரையில்: தரையில் ஒட்டிய டேப், பக்கத்தில் அளவு நாடா.)

இடம் மனதில் விழுந்துவிட்டதா? ஸ்டவ்வின் அளவையும் இடைவெளியையும் சேர்த்துத் தரையில் டேப் ஒட்டுங்கள். சில நாட்கள் அதைச் சுற்றி நடமாடிப் பாருங்கள். அப்புறம் பொருத்துபவரை வரச்சொல்லி, இங்கிருந்து குழாய் வெளியே போக எத்தனை வளைவு ஆகும் என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கு மேல் சொன்னால் குழாயை வளைக்கச் சொல்லாதீர்கள், டேப்பை நகர்த்துங்கள்.